பால்வினைத் தொற்றுகள்: அறிந்துகொள்ள வேண்டியவையும் தடுக்கும் முறைகளும்

உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் கிருமித் தொற்றுகள் பால்வினைத் தொற்றுகள் எனப்படும். முன்பு இவற்றைப் பால்வினை நோய்கள் என்றே கூறி வந்தோம். இப்போது மருத்துவத் துறையில் ‘தொற்று’ என்னும் சொல் பயன்படுத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. நோய் என்றால் வலியோ, புண்ணோ, காய்ச்சலோ இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இத்தொற்றுகளில் பலவும் எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், உடலில் தங்கியிருக்கும். அக்காலத்திலும் அவை பிறருக்குப் பரவக்கூடும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று ஒருவர் கூறுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தால் முற்றிலும் குணமாகக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே இந்த நான்கு தொற்றுகளும் சேர்ந்து 37 கோடிக்கும் மேற்பட்ட முறை புதிதாக ஏற்பட்டன. நாளொன்றுக்கு 10 லட்சத்துக்கும் அதிகம். ஹெப்படைட்டிஸ் பி, ஹெர்ப்பீஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. ஆகிய நான்கும் வைரஸ்களால் வருபவை. இவற்றைக் கட்டுப்படுத்தலாம், இரண்டுக்குத் தடுப்பூசியும் உண்டு. இத்தனை பேருக்கு வரும் ஒன்றை வெட்கத்துக்குரியதாகக் கருதி மறைப்பதால் பயன் பெறுவது கிருமி மட்டுமே.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது

யோனி வழி, ஆசனவாய் வழி, வாய் வழி ஆகிய மூவகை உறவினாலும் தொற்று பரவும். வாய் வழி உறவு பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். கொனோரியாவும் சிபிலிசும் ஹெர்ப்பீசும் அவ்வழியாகவும் பரவுவதால் அந்நம்பிக்கை சரியன்று. சிபிலிஸ், ஹெர்ப்பீஸ், எச்.பி.வி. ஆகியவற்றுக்குத் தோலும் தோலும் உரசுவதே போதுமானது. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சிபிலிஸ் ஆகியவை இரத்தத்தின் மூலமாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும்.

ஒரே தட்டில் உண்பது, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது, கைகுலுக்குவது, நீச்சல் குளத்தில் குளிப்பது, கொசுக்கடி ஆகியவற்றால் இத்தொற்றுகள் பரவுவதில்லை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

‘சூடு’ என்று எண்ணிக் காலம் கடத்துதல்

ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும், சிறுநீர்த் துவாரத்திலிருந்து சீழ் அல்லது கோழை போன்ற கசிவும் ஏற்பட்டால் அது பெரும்பாலும் கொனோரியா அல்லது கிளமிடியாவாக இருக்கும். நம் ஊர்களில் வெட்டை என்று பெயர் பெற்றது இதுவே. கொனோரியா பெரும்பாலும் உறவுக்குப் பின் 2 முதல் 7 நாட்களுக்குள் வெளிப்படும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை எடுத்துக்கொள்ளும். கசிவும் குறைவாக இருக்கும். நீர்க்கடுப்பு உடல் சூட்டினால் வருகிறது என்று கருதி இளநீரும் மோரும் வெந்தயமும் அருந்திக் காத்திருப்பவர்கள் ஏராளம். நீர் அதிகம் அருந்தினால் எரிச்சல் குறையும், கிருமி அழியாது. சீழ் கசிந்த நாளிலிருந்து ஒரு வாரம் காத்திருந்தவர், அந்த ஒரு வாரத்தில் தம் மனைவிக்கும் அதைக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு.

விதைப்பையில் வீக்கமும் வலியும் ஏற்படுவதும் இத்தொற்றின் விளைவாக இருக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இளம் வயதினருக்குத் திடீரென்று, சில நிமிடங்களில், ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி தோன்றினால் அது விதை முறுக்கிக்கொண்டதன் அறிகுறியாக இருக்கலாம். அது தொற்று அன்று. சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்கும் சிறுவர்கள் விதையை இழக்கின்றனர். பெற்றோர் இதைத் தங்கள் மகன்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் நல்லது.

ஆண்குறியின் முன்தோலில் அரிப்பு, சிவப்பு, கோடு கோடாக வெடிப்பு, மாவு போன்ற வெண்படிவு ஆகியவற்றுடன் வருபவர்களில் பலர் தமக்குப் பால்வினைத் தொற்று வந்துவிட்டது என்று அஞ்சி நடுங்கி வருகின்றனர். பரிசோதித்தால் இரத்தத்தில் சர்க்கரை 300க்கு மேல் இருக்கும். சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரியவரும். இது பூஞ்சைத் தொற்று. இது மீண்டும் மீண்டும் வந்தால் முதலில் சர்க்கரையைப் பரிசோதியுங்கள், துணைவரைச் சந்தேகிக்காதீர்கள்.

வெள்ளைப்படுதல்

பெண்களுக்குப் பிறப்புறுப்பில் இயல்பாகவே ஓரளவு நீர்க்கசிவு இருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுப்பகுதியிலும் கர்ப்ப காலத்திலும் அது அதிகரிக்கும். வாடையும் அரிப்பும் இல்லாத, நிறமற்ற அல்லது வெண்மையான கசிவுக்குச் சிகிச்சை தேவையில்லை. இதனால் எலும்பு உருகுகிறது, உடல் மெலிகிறது என்பவை வெறும் நம்பிக்கைகளே.

கசிவின் நிறம், வாடை, அளவு ஆகியவை மாறினால் பரிசோதனை தேவை. தயிர்த் திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் பூஞ்சையைக் குறிக்கும். மீன் வாடையுடன் கூடிய சாம்பல் நிறக் கசிவு, யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதால் வருவது. இவ்விரண்டும் உறவினால் பரவும் தொற்றுகளாகக் கருதப்படுவதில்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் வரலாம். ஆகவே வெள்ளைப்படுகிறது என்பதற்காக ஒரு பெண்ணின் நடத்தையை ஐயுறுவது மருத்துவ அறிவுக்கே புறம்பானது. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரையுடன் வரும் கசிவு டிரைக்கோமோனாஸ் என்னும் தொற்றாக இருக்கலாம். அது உறவினால் பரவுவது என்பதால் கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்கப்படும்.

பெண்களைப் பொறுத்தவரை மிகவும் கவலைக்குரியது அறிகுறியே இல்லாத தொற்றுதான். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. கருப்பை வாயில் தங்கும் கிருமி மெல்ல மேலேறிக் கருக்குழாய்களை அடைந்து அவற்றில் வடுவை உண்டாக்கும். சில ஆண்டுகள் கழித்துக் குழந்தையின்மைக்காக மருத்துவமனைக்கு வரும்போது கருக்குழாய் அடைபட்டிருப்பது கண்டறியப்படும். கருக்குழாயிலேயே கரு தங்கி, அது வெடித்து உயிருக்கு ஆபத்து ஏற்படுவதும் உண்டு. அடிவயிற்று வலி, உறவின்போது வலி, உறவுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிலக்குக்கு இடையில் இரத்தப்போக்கு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலியும் மயக்கமும் ஏற்பட்டால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

புண் ஆறியபின் நோய் ஆறியதா?

சிபிலிஸ் என்பதைப் பழைய தமிழ் மருத்துவ வழக்கில் மேகப்புண் என்றும் பறங்கிப்புண் என்றும் அழைத்தனர். ஐரோப்பியரைக் குறிக்கும் ‘பறங்கி’ என்ற சொல் இதன் பெயரில் ஏறியிருப்பது, இந்நோயை நம் முன்னோர் கடல் கடந்து வந்ததாகக் கருதியதைக் காட்டுகிறது. பல நாட்டினரும் இந்நோய்க்குப் பிற நாட்டாரின் பெயரையே வைத்தனர் என்பது வேறு கதை.

இந்நோயை நன்கு புரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் இது ஏமாற்றும் நோய். கிருமி நுழைந்து 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், நுழைந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். அப்புண்ணில் பொதுவாக வலி இருக்காது. பெண்களுக்கு யோனியின் உட்புறத்தில் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. மூன்று முதல் ஆறு வாரங்களில், எந்த மருந்தும் இல்லாமலேயே, அது தானாக ஆறிவிடும். இடையில் யாரோ கொடுத்த களிம்பைத் தடவியிருந்தால், களிம்பு குணப்படுத்தியதாக நம்பிக்கை வந்துவிடும்.

சில வாரங்கள் கழித்து உடலில் தடிப்புகள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும் அரிப்பில்லாத செம்பழுப்புத் தடிப்பு இதன் முக்கிய அடையாளம். உடன் காய்ச்சல், தொண்டைவலி, ஆங்காங்கே முடி கொட்டுதல் ஆகியவையும் இருக்கலாம். ஒவ்வாமை என்று எண்ணி அதற்கான மாத்திரையை உட்கொள்வார்கள். இத்தடிப்பும் தானாக மறையும். அதன் பிறகு கிருமி உறங்குநிலைக்குச் செல்கிறது. 10 முதல் 30 ஆண்டுகள் கழித்து இதயத்தின் பெருந்தமனியையோ, மூளையையோ, தண்டுவடத்தையோ தாக்கக்கூடும். கண்ணும் காதும் நோயின் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம்.

இதற்கான பரிசோதனை வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்னும் எளிய இரத்தப் பரிசோதனை. தொடக்க நிலையில் ஒரே முறை போடப்படும் பென்சாத்தின் பென்சிலின் ஊசியே போதுமானது. தொற்றி நீண்ட காலம் ஆகியிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று வாரங்கள் போடப்படும். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் ஒரே நேரத்தில் அழிவதால் ஏற்படும் விளைவு அது. மருந்து ஒவ்வவில்லை என்று எண்ணி அடுத்த ஊசியை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் ஊசி போட்ட உடனே மூச்சுத் திணறல், முகவீக்கம், உடல் முழுதும் தடிப்பு ஏற்பட்டால் அது ஒவ்வாமையே. அதற்காகத்தான் ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே அமர்ந்திருக்கச் சொல்கிறோம்.

பரிசோதனை முடிவைப் படிப்பதில் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, வி.டி.ஆர்.எல். சில சமயம் வேறு காய்ச்சல்களாலும், கர்ப்பத்தாலும், மூட்டுவாதம் சார்ந்த நோய்களாலும்கூட இருப்பதாகக் காட்டும். டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது பரிசோதனையில் உறுதியானால்தான் அது சிபிலிஸ். இந்த இரண்டாவது பரிசோதனை, சிகிச்சை முடிந்து குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ‘உண்டு’ என்றே காட்டும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் இதனால் குழப்பம் நேர்வதுண்டு. சிகிச்சை பெற்ற சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது உதவும்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. இப்பரிசோதனை தொற்று இருப்பதை மட்டுமே கூறும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதைக் கூறாது. உறங்குநிலையில் பல ஆண்டுகள் இருக்கும் கிருமி இது. திருமணத்துக்கு முன்பே ஒருவருக்குத் தொற்றியிருந்து, ஐந்தாண்டு கழித்து மனைவியின் கர்ப்ப காலப் பரிசோதனையில் முதன்முறையாக வெளிப்படலாம். அச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து கூட்டுவதும், பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும் இன்றும் நடக்கின்றன. ஓர் ஆய்வகச் சீட்டு தாங்க முடியாத பாரம் அது.

கர்ப்பிணிகளுக்கு

கர்ப்பம் உறுதியானதும், முதல் வருகையிலேயே, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்படைட்டிஸ் பி ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இவை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. சிகிச்சை பெறாத சிபிலிஸ் கருவைத் தாக்கினால் கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறத்தல், குறைப்பிரசவம் ஆகியவை நேரலாம். உயிருடன் பிறக்கும் குழந்தைக்கும் எலும்பு, கல்லீரல், கண், காது ஆகியவற்றில் பாதிப்பு இருக்கலாம். பிறந்தபோது நலமாகத் தோன்றிய குழந்தைக்குச் சில ஆண்டுகள் கழித்துச் செவித்திறன் குறைவதும் உண்டு.

இத்தனையையும் தடுப்பது பென்சிலின் ஊசி. கர்ப்பிணிக்கு இதற்கு மாற்று மருந்து கிடையாது. வேறு மருந்துகள் தாயைக் குணப்படுத்தினாலும் கருவைச் சரிவரக் காப்பதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணியைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உடலைப் பழக்கிய பின்னர் அதே மருந்தைக் கொடுக்கிறோம். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பாகவாவது சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய பாதுகாப்புக் கிடைத்ததாகக் கருதுவோம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குச் செல்லும்போது பல பெண்களின் பரிசோதனைச் சீட்டுகள் புகுந்த வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. வளையல்களோடு அச்சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

எங்கே செல்வது, அங்கே என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், பல வட்ட மருத்துவமனைகள் ஆகியவற்றில் ‘சுகவாழ்வு மையம்’ என்ற பெயரில் பால்வினைத் தொற்றுக்கான சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்குமான பிரிவு ‘நம்பிக்கை மையம்’. இப்பெயர்கள் வேண்டுமென்றே இவ்வாறு வைக்கப்பட்டவை. வாசலில் நிற்பவரைப் பார்த்து அவருக்கு என்ன நோய் என்று பிறர் ஊகிக்கக் கூடாது அல்லவா. அருகில் இம்மையம் இல்லையெனில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையே அணுகலாம்.

ஆலோசகர் முதலில் தனியறையில் உங்களிடம் பேசுவார். கடந்த மூன்று மாதங்களில் உறவு கொண்டவர்கள், ஆணுறைப் பயன்பாடு, எவ்வகை உறவு என்பன போன்ற கேள்விகளைக் கேட்பார். ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்களிடமும் திருநங்கையரிடமும் இதே கேள்விகள்தாம் கேட்கப்படும். கேள்விகள் சங்கடமானவையே. எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது, எந்த மருந்து கொடுப்பது என்பது அப்பதில்களைப் பொறுத்தது என்பதால் கேட்கப்படுகின்றன. பின்னர் மருத்துவர் பரிசோதிப்பார். பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பெண் பணியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் கோரலாம்.

ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியின் அடிப்படையில் அன்றே மருந்து கொடுப்பது இம்மையங்களில் பின்பற்றப்படும் முறை. சீழ்க்கசிவுக்கு ஒன்று, வெள்ளைப்படுதலுக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று என வெவ்வேறு நிற மருந்துப் பொதிகள் வைக்கப்பட்டிருக்கும். ‘பரிசோதனை முடியுமுன் மருந்தா?’ என்று சிலர் ஐயுறுகின்றனர். முடிவு வந்தபின் வாருங்கள் என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை என்பது நீண்டகால அனுபவம். எனவே அந்நோய்க்குறிக்குக் காரணமான முக்கியக் கிருமிகள் அனைத்தையும் அழிக்கும் மருந்துகள் ஒரே பொதியில் சேர்க்கப்பட்டுள்ளன. வெள்ளைப்படுதலுக்கான மாத்திரையை உட்கொள்ளும் நாட்களில் மது அருந்தக் கூடாது. கடும் வாந்தியும் படபடப்பும் ஏற்படலாம்.

மருந்துக் கடையில் அறிகுறியைச் சொல்லி மாத்திரை வாங்குவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். கொனோரியா கிருமி ஒரு காலத்தில் பென்சிலினுக்கே கட்டுப்பட்டது. இன்று அதற்கும், பின்னர் வந்த சிப்ரோஃபிளாக்சசினுக்கும் அது பெரிதும் கட்டுப்படுவதில்லை. அரைகுறையாக உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் அதற்குப் பயிற்சி அளிப்பது போன்றது. குறிப்பிட்ட தேதிகளில் விடுதி அறையில் தங்கி ‘இரகசிய நோய்களுக்கு’ மருத்துவம் பார்ப்பதாக விளம்பரம் செய்பவர்களிடம் செல்வதும் அத்தகையதே. அங்கே சென்று பெருந்தொகை செலவழித்த பிறகு எங்களிடம் வருபவர்களில் சிலருக்குத் தொற்றே இருப்பதில்லை. உறக்கத்தில் விந்து வெளியேறுவது போன்ற இயல்பான நிகழ்வை நோய் என்று சொல்லி அச்சுறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

துணைவருக்கும் சிகிச்சை

ஒருவர் மட்டும் மருந்து உட்கொண்டு, துணைவர் உட்கொள்ளாவிட்டால் சில நாட்களிலேயே தொற்று திரும்பும். மருந்து வேலை செய்யவில்லை என்று குறை கூறி வருபவர்களில் பலருடைய உண்மை நிலை இதுவே. இருவரும் சிகிச்சை பெற்று, மருந்து உட்கொண்டு 7 நாட்கள் ஆகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். புண் இருந்தால் அது முழுதும் ஆறும்வரை தவிர்க்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதே கடினமான கேள்வி. என் அனுபவத்தில், நீண்ட விளக்கத்தைவிடச் சுருக்கமான உண்மையே நன்றாகச் செல்லுபடியாகிறது. ‘எனக்கு ஒரு தொற்று இருக்கிறது, மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், உனக்கும் பரிசோதனை தேவை என்று மருத்துவர் கூறினார்’ என்ற அளவில் தொடங்கலாம். தனியே சொல்லத் துணிவில்லை என்றால் மையத்துக்கு அழைத்து வாருங்கள், ஆலோசகர் உடனிருந்து பேசுவார். சொன்னால் அடிப்பார் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால் அதை முதலில் ஆலோசகரிடம் தெரிவியுங்கள். உங்கள் பாதுகாப்பை உறுதி செய்த பிறகே அடுத்த படி. மனைவிக்குச் சொல்லாமல் ‘சத்து மாத்திரை’ என்று பொதியைக் கொடுத்துவிடும் கணவர்களும் உண்டு. அவர் கர்ப்பமாக இருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம், வேறு தொற்றும் இருக்கலாம். அவ்வாறு செய்யாதீர்கள்.

எச்.ஐ.வி. பற்றி

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அப்பணியைச் செய்தனர். அக்காலத்தில் மருந்து இல்லை. இன்று நாள்தோறும் உட்கொள்ளும் கூட்டு மருந்து ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உறவின் வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை.

பிறப்புறுப்பில் புண்ணோ சீழோ இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு அதிகம். ஆகவே எந்தப் பால்வினைத் தொற்று இருந்தாலும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது வழக்கம். தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது என்பதால், முதல் முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

ஆணுறை கிழிந்துபோனாலோ, பாலியல் வன்முறைக்கு உள்ளானாலோ, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. இரவு நேரமாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே கட்டணமின்றி உடனடிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகே வர வேண்டும் என்பதில்லை.

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் உரிமைகளைக் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதும், முடிவைச் சட்டம் வரையறுத்த சூழல்களுக்குப் புறம்பாக வெளியிடுவதும், வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டுவதும் அதன்படி தவறு.

தடுக்கும் முறைகள்

ஆணுறையைப் பற்றி அனைவருக்கும் தெரியும் என்றே எண்ணுகிறோம். கிழிந்துவிட்டது என்று வருபவர்களிடம் விசாரித்தால் காரணங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். எண்ணெய் இரப்பரை விரைவில் நலிவடையச் செய்யும். நீரில் கரையும் மசகு மட்டுமே ஏற்றது. பணப்பையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். உடல் வெப்பமும் உராய்வும் அதைக் கெடுக்கும். கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருப்பார்கள். அவை ஒன்றோடொன்று உரசிக் கிழியும். பல்லால் உறையைக் கடித்துத் திறப்பதும் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை நீக்கி, உறவின் தொடக்கத்திலிருந்தே அணிய வேண்டும். மறைக்கப்படாத தோல் வழியாக ஹெர்ப்பீசும் எச்.பி.வி.யும் பரவலாம் என்பதால் ஆணுறையின் பாதுகாப்பு முழுமையானதன்று. ஆயினும் எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்கு எதிராக அதன் பயன் மிகப் பெரிது. கருத்தடை மாத்திரையும் காப்பர் டி-யும் கருத்தரிப்பை மட்டுமே தடுக்கும், தொற்றை அல்ல.

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இலவசம். சிறுவயதில் போடாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு எச்.பி.வி. வைரசின் 16, 18 என்ற இரு வகைகளே காரணம். அதற்கான தடுப்பூசி 9 முதல் 14 வயதில், பாலுறவு தொடங்குவதற்கு முன் போடப்பட்டால் முழுப்பயன் தரும். ‘இந்த வயதிலேயே இதற்கு என்ன அவசியம்’ என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில்: அம்மைத் தடுப்பூசியையும் அம்மை வருவதற்கு முன்புதான் போடுகிறோம். 30 வயதைக் கடந்த பெண்கள், தடுப்பூசி போட்டிருந்தாலும், கருப்பை வாய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.

உடனிருந்து பராமரிப்பவர்களுக்கு

வளரிளம் பருவத்தினர் அறிகுறியைப் பெற்றோரிடம் சொல்வது அரிது. சொல்லும்போது முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை நாளாக வலிக்கிறது’ என்பதே. ‘யாருடன்’ என்பது பிறகு வரலாம். 18 வயது நிரம்பாதவருக்குப் பால்வினைத் தொற்று இருந்தால் அது பாலியல் வன்கொடுமையின் அடையாளமாக இருக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாக அறியவரும் மருத்துவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. சட்டத்துக்கு அஞ்சிக் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வராமல் இருப்பது குழந்தைக்குத்தான் தீங்கு. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலும் பேசலாம்.

வயது முதிர்ந்தவர்களுக்கும் மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இத்தொற்றுகள் வருவதுண்டு. முதியவரின் உள்ளாடையில் கறை இருப்பதைக் கண்டால் இந்த வயதில் இருக்காது என்று ஒதுக்கிவிட வேண்டாம். துணி துவைக்கும்போது கண்ட அடையாளத்தால் புற்றுநோயும் கண்டறியப்பட்டிருக்கிறது, தொற்றும் கண்டறியப்பட்டிருக்கிறது.

சிகிச்சைக்குப் பின் வர வேண்டிய நாட்கள் சீட்டில் எழுதித் தரப்படும். பொதுவாக 7ஆம் நாள் ஒருமுறை வர வேண்டும். கொனோரியா, கிளமிடியா தொற்றியவர்கள் மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிபிலிசுக்கு ஊசி போட்டவர்கள் 3, 6, 12ஆம் மாதங்களில் வி.டி.ஆர்.எல். அளவு குறைகிறதா என்று பார்க்க வர வேண்டும். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும், எச்.ஐ.வி. மற்றும் பால்வினைத் தொற்றுகள் தொடர்பான தகவலுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம். 1097இல் பேசும்போது பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.